அந்தக் காவலாளிங்க பேர் என்ன டீச்சர்?



நீளமான பதிவு இது. ஓய்வு பெற்ற பிறகும் பாடம் எடுக்கிற பழக்கம் போகவில்லை, என்ன செய்ய. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

போன மாதம் 1997-இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோ வந்தது. 1994 ஆண்டு விழாவுக்கு எடுத்தது. ஒன்பதாம் வகுப்பு. நடுவில் நாற்காலியில் நான், கட்டம்போட்ட கைத்தறிப் புடவையில். சுற்றிலும் 44 பிள்ளைகள். உடனே எல்லோரும் உற்சாகமாகப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசை முடிந்தது, இரண்டாம் வரிசை முடிந்தது. ராத்திரி பத்து மணிக்குள் 41 பெயர் வந்துவிட்டது. பின்வரிசையில் வலது ஓரமாக நிற்கிற மூன்று பையன்கள் மட்டும் மிச்சம்.

"அந்த மூணு பேர் யாருப்பா?" என்று ஒருவர் கேட்டார். "நடுவுல வந்துட்டுப் போனவங்களா இருக்கும்" என்று இன்னொருவர் பதில் போட்டார்.

நடுவில் வந்து போனவர்கள் இல்லை. மூன்று பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து நம் பள்ளியில் படித்தவர்கள். மூன்று பேர் பெயரும் எனக்குத் தெரியும், இனிஷியலோடு. எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அதே வகுப்பில் படித்த ஒரு பெண் எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மசியில் ஒரு பக்கக் கட்டுரை, கீழே என்னுடைய சிவப்பு மசி. "டீச்சர், அம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நான் பாடம் நடத்துவதில்லை, கதை சொல்வேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வருடம் சொன்ன கதை ஷேக்ஸ்பியரின் மெக்பெத். பாடத்திட்டத்தில் இல்லாதது. நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, மர ஸ்கேலைக் குத்துவாளாகப் பிடித்துக்கொண்டு, ஆறேழு வாரம் நடித்தே காட்டினேன்.

கதை தெரியாத உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து நாட்டுத் தளபதி மெக்பெத். போரில் ஜெயித்துத் திரும்புகிற வழியில் மூன்று சூனியக்காரிகள் "நீ ராஜாவாவாய்" என்கிறார்கள். ஏற்கெனவே மனதுக்குள் இருந்த ஆசை தலைதூக்குகிறது. ராஜா டங்கன் நல்ல மனிதர், சொந்தக்காரரும்கூட. அவர் இவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறார். மனைவியின் தூண்டுதலில் அன்று ராத்திரியே அவரைக் குத்திக் கொன்று ராஜாவாகிறான். பிறகு நண்பன் பாங்கோவை ஆள் வைத்துக் கொல்கிறான். மெக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களையும் விடவில்லை. செய்த பாவம் இரண்டு பேரையும் தின்கிறது. விருந்தில் பாங்கோவின் ஆவி வந்து இவன் நாற்காலியில் உட்காருகிறது. அந்த அம்மா தூக்கத்தில் எழுந்து நடந்து, கையில் இல்லாத ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள்.

ஆம்பிஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று அன்றைக்கு வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் லட்சியம் என்றார்கள், பாதிப் பேர் பேராசை என்றார்கள். "கிடைச்சா லட்சியம், கிடைக்கலைன்னா பேராசை" என்று நான் சொல்ல, வகுப்பு சிரித்தது. என் பதில் எனக்கே பிடித்துப்போய்விட்டது.

கொலை நடக்கிற கட்டத்தைச் சொல்லி முடித்ததும் இந்தப் பெண் கை தூக்கினாள். "ராஜா ரூம்ல படுத்திருந்த காவலாளிங்க ரெண்டு பேர் பேர் என்ன டீச்சர்?"

"அவங்களுக்குப் பேர் இல்லம்மா. முக்கியமான பாத்திரம் இல்ல. பரீட்சைக்கு வராது."

அந்த நாடகமே பரீட்சைக்கு வராதது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

கதை முடிந்ததும் மெக்பெத்தின் ஆசையையும் குற்ற உணர்ச்சியையும் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எல்லோரும் நான் சொன்னதையே திருப்பி எழுதினார்கள். இவள் மட்டும் ஒரு பக்கம் முழுக்க அந்தக் காவலாளிகளைப் பற்றியே எழுதியிருந்தாள். நான் 10-க்கு 6 போட்டு, கீழே "கேட்ட கேள்விக்கு விடை இல்லை. கையெழுத்து நன்று" என்று எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கையில் முகம் சுருங்குகிறது.

அவள் எழுதியதன் சாரம் இதுதான். காவலாளிகள் குடித்த பாலில் மயக்க மருந்து கலந்தது லேடி மெக்பெத். அவர்கள் செய்த ஒரே காரியம் தூங்கியது. கொலை செய்த கை மெக்பெத்தின் கை. அதுவரை அந்த அம்மாவின் கையில் ரத்தம் இல்லை. பதற்றத்தில் அவன் கத்திகளைக் கையோடு எடுத்து வந்துவிட, அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, தூங்குகிறவர்கள் மேல் ரத்தத்தைப் பூசும்போதுதான் அவள் கையும் சிவப்பாகிறது. அப்படியென்றால் பின்னால் தூக்கத்தில் அவள் கழுவுகிற ரத்தம் அவர்கள் மேல் பூசப்போன ரத்தம்தானே? ஆனால் தூக்கத்தில் அவள் யாரைச் சொல்லிப் புலம்புகிறாள்? கிழவரான ராஜாவை, மெக்டஃபின் மனைவியை, பாங்கோவை. காவலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆவியாக வருவதும் பாங்கோதான். அந்த இரண்டு பேர் ஆவியாகக்கூட வரவில்லை.

கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாள். பெரியவர்களுக்குச் செய்த பாவம்தான் தூங்கவிடாதா, சின்னவர்களுக்குச் செய்தது கணக்கிலேயே வராதா? அடுத்தவர் முதுகில் ஏறிப் போனால் கிடைத்தாலும் அது பேராசைதான், டீச்சர்.

பதினாறு வயதுப் பிள்ளை எழுதியது.

நாடகத்தை எடுத்துத் திரும்ப ஒருமுறை படித்தேன். அவள் சொன்னது சரி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலையில் கொலை தெரிந்தவுடன், காவலாளிகள் வாய் திறப்பதற்குள் மெக்பெத் போய் அவர்களை வெட்டிவிடுகிறான். வந்து எல்லோர் முன்னிலையிலும், கோபத்தில் கொன்றுவிட்டேனே என்று வருத்தப்படுகிறான். டங்கனுக்காகவும் பாங்கோவுக்காகவும் அவன் படுகிற பாடு நிஜம், அதை அவனால் ஊரறியச் சொல்ல முடியவில்லை. காவலாளிகளுக்காக ஊரறிய வருத்தம் சொல்கிறான், அது நடிப்பு. உள்ளே உறுத்துவதற்குப் பேச்சில்லை, பேச்சாக வருவதற்கு உறுத்தலில்லை.

நிஜ வரலாறு வேறு. மெக்பெத் 1040-லிருந்து 1057 வரை பதினேழு வருடம் ஆண்ட அரசன். டங்கன் படுக்கையில் கொல்லப்படவில்லை, சண்டையில் இறந்தவர். ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்தது ஹாலின்ஷெட் என்பவர் பெயரில் வந்த சரித்திரத் தொகுப்பிலிருந்து. அதில் பாங்கோ கொலைக்கு உடந்தை. ஆனால் நாடகம் எழுதிய 1606-ஐ ஒட்டிய காலத்தில் சிம்மாசனத்தில் இருந்த ஜேம்ஸ் மன்னர், பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். அதனால் நாடகத்தில் பாங்கோ கறையில்லாதவர் ஆகிவிட்டார். காவலாளிகளைப் பழிகாட்டி வெட்டுவது அதே தொகுப்பில் டஃப் என்ற வேறொரு ராஜா கொலையான கதையில் வருகிறது. அதை ஷேக்ஸ்பியர் அப்படியே எடுத்துக்கொண்டார். பாங்கோவுக்குக் கறை துடைக்க ஒரு வம்சம் இருந்தது. இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் சிலப்பதிகாரத்திலும் இது உண்டு. தவறு தெரிந்த நொடியில் பாண்டியன் உயிரை விட்டதை மேடைதோறும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்ததும் அதே நூலில்தான் இருக்கிறது. சிலம்பைத் திருடியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன்.

1994 மே மாதம். ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியர் நான். பத்தாம் வகுப்பில் நம் பள்ளி அதுவரை நூறு சதவீதம் வாங்கியதில்லை. அடுத்த வருடம் வாங்கியாக வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. யாரை நீக்கு என்று யாரும் சொல்லவில்லை. சூனியக்காரிகளும் கொலை செய் என்று சொல்லவில்லை. பட்டியல் எழுதியது நான்தான். ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிய மூன்று பெயர். ஃபெயில் போட்டால் மறு வருடமும் அதே வகுப்பில் இருப்பார்கள், பிரச்சினை ஒரு வருடம் தள்ளித்தான் போகும். அதனால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினேன். "வேற ஸ்கூல்ல சேருங்க, இல்லன்னா டுட்டோரியல்ல சேந்து பிரைவேட்டா எழுதட்டும். பையனுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு பையனின் அப்பாவுக்குப் படிப்பு இல்லை. கையெழுத்து மட்டும் போடுவார். விண்ணப்பத்தை நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் கிளார்க் எழுதினார். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். டி.சி.யில் விலகியதற்கான காரணம் என்று ஒரு இடம் உண்டு. அதில் மூன்று பேருக்கும் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதியது என் கை.

1995-இல் நூறு சதவீதம் வந்தது. 41 பேர் எழுதி 41 பேரும் பாஸ். நம் வீட்டு ஷோகேஸில் இருக்கிற கேடயம் அதற்குக் கிடைத்ததுதான். சித்தி வாங்கின பரிசு என்று நம் வீட்டுப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. மூன்று வருடம் கழித்துத் தலைமை ஆசிரியர் பதவி வந்தபோது, என்னைவிடச் சீனியரான கணக்கு ஆசிரியரை விட்டுவிட்டு நிர்வாகம் என்னைத் தேர்ந்தெடுத்தது. அந்த ரிசல்ட்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

நான் கல் மனசுக்காரி இல்லை. அந்தக் கணக்கு சாருக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று எத்தனையோ ராத்திரி தூங்காமல் புரண்டிருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் அவர் கண்ணைப் பார்த்துப் பேச வருடக்கணக்காயிற்று. அவர் ஓய்வு பெற்ற அன்று பழத்தட்டோடு வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். பாரம் இறங்கிவிட்டது, இனி யாருக்கும் நான் கடன்பட்டவள் இல்லை என்று நினைத்தேன்.

அந்த மூன்று பையன்கள் ஒரு ராத்திரிகூட என் தூக்கத்தில் வரவில்லை. முப்பது வருடத்தில் ஒரு ராத்திரி. எனக்கு ஆவியாக வந்தவர் பாங்கோ மட்டும்தான்.

அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். "அன்னிக்கு அவனுங்களை மனசுல வெச்சுதான் எழுதினியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியல டீச்சர். ஆனா பத்தாவது பூரா அந்தக் கடைசி பெஞ்சு காலியாவே கிடந்துச்சுல்ல" என்றாள்.

அன்றே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் எல்லோரும் "உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர்" என்று எழுதுவீர்கள். எனக்கு இதமாக இருக்கும். மெக்பெத் சபையில் நின்று வருத்தப்பட்டானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முதலில் அவர்களைப் பார்க்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒருவர் எண் கிடைத்தது. டுட்டோரியலில் படித்துப் பத்தாவது பாஸ் செய்து, மேலே படித்து, நல்ல வேலையில் இருக்கிறார். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். "வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றார். மூன்று வாரம் ஆகிறது, கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் அவருக்கு இல்லை.

இன்னொருவர் திருப்பூரில் இருந்தார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனபோது அங்கிருந்து பஸ் பிடித்துப் போனேன். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு, ஆறு மிஷின் வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். தலை நரைத்திருந்தது, ஆனால் போட்டோவில் நிற்கிற அதே சாய்ந்த நிற்பு. ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பட்டியல் எழுதியது நான், காரணம் எழுதியது நான், பெற்றோர் விருப்பம் என்பது பொய் என்றேன்.

அவர் தரையில் கிடந்த துணி வெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, "எனக்கு அது எப்பவோ மறந்துபோச்சு டீச்சர். அப்பாதான் விடல" என்றார். "நான்தானே எழுதிக் குடுத்தேன், நான்தானே உன் படிப்பைக் கெடுத்தேன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. கையெழுத்துப் போடாம இருந்திருக்கணும்னு."

எனக்குக் குடித்த டீ தொண்டையில் நின்றுவிட்டது.

செய்தவர் மனதில் உறுத்தல் இல்லையென்றால் அது இல்லாமலே போய்விடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என்னுடையதை அவர் வாங்கி வைத்திருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு மனிதர், தான் செய்யாத தப்புக்கு, எழுத்து எழுத்தாகத் தான் போட்ட அந்தக் கையெழுத்தை நினைத்து நினைத்து மருகியிருக்கிறார். தூங்குகிறவன் முகத்தில் ரத்தத்தைப் பூசினால், விழித்ததும் தான்தான் கொன்றோமோ என்று அவனே நம்பிவிடுவான். ஷேக்ஸ்பியர் தன் காவலாளிகளுக்கு அதற்குக்கூட நேரம் தரவில்லை. நான் ஒரு ஆயுள் முழுக்கத் தந்திருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். உள்ளே மகன் கல்லூரிப் பையோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தி, "டீச்சர், நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன்னுதான் இவன்கிட்ட சொல்லிவெச்சிருக்கேன். எதுவும் சொல்லிராதீங்க" என்றார். தலையாட்டினேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட ஒரு பையனை வண்டியோடு அனுப்பி வைத்தார்.

அதனால்தான் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. போட்டோவை வைத்து யாரும் தேடி, பொதுவில் பெயர் போட வேண்டாம். அது அவர்கள் பெயர். இத்தனை வருடம் கழித்து என் மனசு ஆறுவதற்காக அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

கேடயம் ஷோகேஸிலேயே இருக்கிறது. அதை எடுத்து எறிவது சுலபம், ஆனால் 41 பிள்ளைகள் ராப்பகலாகப் படித்ததும் அதில் இருக்கிறது. பக்கத்தில் அந்தப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் யாராவது பின்வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் நேரில் சொல்கிறேன்.

நான் கேட்கிற உதவி இது. மூன்றாவது பையனைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது தெரிந்தால், கமெண்டில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், என்னைப் பார்க்க அவருக்குச் சம்மதமா என்று அவரிடம் கேளுங்கள்.

உங்களில் எத்தனையோ பேர் இன்றைக்கு ஆசிரியர்கள், சிலர் தலைமை ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிகிற மே மாதம் உங்கள் பள்ளியிலும் வரும். டி.சி. புத்தகத்தைத் திறக்கும்போது காரணம் என்ற இடத்தில் நிஜமான காரணத்தை எழுத முடியுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எழுத முடியவில்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

கட்டுரை எழுதிய பெண்ணுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, கேட்ட கேள்விக்கு விடை எழுதியது நீ ஒருத்திதான். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்